தையல் துணி சுல்தான்களோடு வந்ததா?

"சரித்திரப் படத்தில் தைத்த சட்டை வந்தாலே பிழை, தையலே சுல்தான்களோடுதான் இந்தியாவுக்கு வந்தது" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு காதை, புகார் நகரத் தொழிலாளர்களில் தையற்காரரைத் 'துன்னகாரர்' என்றும் தோல் தைப்பவரைத் 'தோலின் துன்னர்' என்றும் பிரித்தே சொல்கிறது. முல்லைப்பாட்டில் யவனர் (கிரேக்க, ரோமானியர்) அணியும் 'மெய்ப்பை'யும் சட்டைதான். சுல்தான்களுக்குப் பல நூற்றாண்டு முந்தைய குஷாண மன்னர் கனிஷ்கரின் சிலை வடக்கே மதுரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதற்குத் தலைதான் இல்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் மேலங்கியும் கனத்த பூட்ஸும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் தெற்கே பெரும்பாலோர் சுற்றிக் கட்டும் துணியே உடுத்தினர். அதனால் எல்லோருக்கும் சட்டை மாட்டிவிட்டால் உறுத்தத்தான் செய்யும். குறை பிடித்தே தீர வேண்டுமென்றால் முதுகில் தெரியும் ஜிப்பைப் பிடியுங்கள். அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பளிச்சென்ற செயற்கைச் சாயமும் 1856க்குப் பிறகுதான்.