டிவட் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

கோல்ஃபில் அயர்ன் (உலோகத் தலை கொண்ட கிளப், அதாவது மட்டை) ஷாட் சுத்தமாக விழத் தலையை அசைக்காமல் வைத்தாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கிளப் தரையை எங்கே தொடுகிறது என்பதே முக்கியம். முதலில் பந்து, அப்புறம்தான் புல். பந்து இருந்த இடத்தைத் தாண்டி, இலக்குப் பக்கமாக டிவட் (கிளப் பட்டுப் பெயரும் புல்கட்டி) பெயர வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 7 அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான அயர்ன்) சராசரியாக ஏறக்குறைய 4 டிகிரி கீழ்நோக்கித்தான் இறக்குகிறார்கள் என்கிறது, ஷாட்டை ரேடாரில் அளக்கும் ட்ராக்மேன் கருவியின் கணக்கு. நாமோ பந்தைத் தூக்கிவிடும் அவசரத்தில் உடல் எடையைப் பின்காலிலேயே வைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுகிறோம். விளைவு, பந்துக்கு முன்பே மண்ணைக் கிண்டுகிறோம், இல்லையென்றால் பந்தின் உச்சந்தலையில் தட்டுகிறோம். தூக்கிவிடத்தான் கிளப் முகத்தில் சாய்வு இருக்கிறதே!

ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டு, அதைத் தொடாமல் அடித்துப் பாருங்கள். எடை தானாக முன்காலுக்கு வரும். முடிந்தவரை புல்லிலேயே செய்யுங்கள். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) விரித்திருக்கும் செயற்கைப் புல் பாய் பொய் சொல்லும். கொஞ்சம் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை ஒழுங்காகவே அனுப்பிவிடும். பாய்தான் கிடைக்கும் என்றால் சத்தத்தைக் கவனியுங்கள். ‘தொப்’பென்று கேட்ட பிறகு பந்து போனால், அது புல்லில் பாதி தூரம்கூடப் போயிருக்காது.