டாட்டூ இருந்தால் யூனிஃபார்ம் வேலை கிடைக்காதா?

பெங்களூரு அல்சூர் பையன் ஒருவனின் டாட்டூ படத்தைப் போட்டு, “இந்த ரவுடிக்கு இனி எந்த யூனிஃபார்ம் வேலையும் கிடையாது” என்று ஒருவர் தன் பதிவில் கேலி செய்திருக்கிறார். தவறான தகவல். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளின் ஆள்சேர்ப்பு விதிகளே டாட்டூவை அனுமதிக்கின்றன. மதச் சின்னமோ பெயரோ இருக்கலாம். இடம் முக்கியம்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம், அல்லது புறங்கை. அளவு அந்தப் பகுதியில் 1/4 பங்குக்குள் இருக்க வேண்டும். படத்தில் இருப்பதோ இடது முன்கையின் உட்புறத்தில் சின்னதாக அம்மா பெயர்! நம் பாட்டிகள் கை நிறையப் பச்சை குத்தியிருந்தார்களே, அவர்களை யாராவது ரவுடி என்றோமா? தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.