ஃபெலினியஸ் முறை பற்றி ஒரு திருத்தம்
ஃபெலினியஸ் முறை என்பது சரிவு நிலைக்குமா என்று பார்க்க, சறுக்கக்கூடிய மண்ணை நிலைக்குத்துத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வழி. அதைப் பற்றி நீங்கள் "ஃபெலினியஸ் முறை துண்டுகளுக்கு இடையிலான விசைகளை விட்டுவிடுகிறது, அதனால் பாதுகாப்புக் காரணி கூடுதலாக வரும், ஆபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். விசைகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது சரி, முடிவுதான் தலைகீழ். வட்ட வடிவச் சறுக்கலில் அது பாதுகாப்புக் காரணியை (மண்ணின் தாங்கும் வலிமைக்கும் சறுக்கத் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம்) பொதுவாகக் குறைவாகத்தான் காட்டும், அதுவும் நுண்துளை நீரழுத்தம் (மண் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) அதிகமாக இருந்தால் துண்டின் அடிப்பரப்புக்குச் செங்குத்தாக வரும் பயனுறு விசை, அதாவது நீரழுத்தத்தைக் கழித்தபின் மிஞ்சுவது, ரொம்பவே சுருங்கி, சில துண்டுகளில் எதிர்க்குறியாகக்கூடப் போய்விடும். பிஷப் என்ற ஆய்வாளர் 1955-இல் தன் முறையில் அந்த விசையை நிலைக்குத்துச் சமநிலையிலிருந்து எடுத்ததால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்தது. வடிகாலற்ற களிமண்ணில், அதாவது உராய்வுக் கோணம் பூஜ்யம் என்றால், வட்டச் சறுக்கலில் ஃபெலினியஸ், பிஷப் இரண்டு முறைகளும் தருவது ஒரே விடைதான். ஆக, ஃபெலினியஸின் குறை செலவைக் கூட்டுவதில்தான், அபாயத்தில் இல்லை. வட்டமல்லாத சறுக்கல் பரப்பு என்றால் துண்டுகளுக்கு இடையிலான விசைகளையும் கணக்கில் எடுக்கும் மார்கன்ஸ்டெர்ன்-பிரைஸ் அல்லது ஸ்பென்சர் முறைக்குப் போங்கள். அப்புறம், நிலத்தடி நீர்மட்டத்தைத் தப்பாகக் கொடுத்தால் எந்த மென்பொருளும் அழகான பொய்யைத்தான் சொல்லும்.