மட்டையானவன் குறட்டை விட்டால்

“போதையைத் தொடாதே” என்று சுவரில் எழுதுகிறோம், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் இன்றைக்கு ராத்திரி எடுக்கப் போகிறவனிடம் பேச ஒருவரும் இல்லை. அவனும் உயிரோடு இருக்க வேண்டியவன்தானே? அவனுக்கும் அவன் பக்கத்தில் இருப்பவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

சரக்கு மூச்சை மட்டுப்படுத்தும். நைட்ரசிபாம், அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையும் மட்டுப்படுத்தும். டேபென்டடால், டிராமடால் மாதிரி வலி மாத்திரையும் அப்படித்தான். தனித்தனியாகத் தாங்கிய உடம்பு, இரண்டு சேர்ந்தாலே தடுமாறும். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகும்.

எடுக்கிறவர்கள் தங்களுக்குள் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தனியாக எடுப்பதில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, ஒருவன் மட்டும் தெளிவாக இருக்கிறான். சரியான பழக்கம். மாத்திரையும் சரக்கும் ஒரே நாளில் வேண்டாம் என்பதும் சரி, ஆனால் அங்கேதான் கணக்குத் தப்புகிறது. டயசிபாம் என்ற தூக்க மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாள் ஆகும். நேற்றுப் போட்டது இன்றைய குவார்ட்டரோடு சேரும். இன்னொரு தப்பு, “ஏறலையே” என்று அடுத்ததைப் போடுவது. முதல் மாத்திரை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். பிறகு இரண்டும் சேர்ந்து அமுக்கும்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டிராமடால் அட்டைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கும். நல்ல ஈரலுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, தினம் குடிப்பவருக்கு அதில் பாதியைத் தாண்டினாலே ஆபத்து. டிராமடால் அதிகமானால் வலிப்பும் வரும்.

வீட்டுப் பெண்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: குடியை மறக்கடிக்க என்று டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் அது உள்ளே போய், மேலே சரக்கும் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம்.

வேலூர் தொரப்பாடி ஜெயிலிலிருந்தோ, மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில நாள் மிக மோசமானவை. உடம்பு பழக்கத்தை விட்டிருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். முன்பு தாங்கியது இப்போது கொல்லும்.

“மட்டையாயிட்டான், தூங்கட்டும் விடு” என்று போர்த்திவிட்டுப் போவதில்தான் பல உயிர் போகிறது. கொரகொரவென்று, விட்டு விட்டு வரும் குறட்டை தூக்கமில்லை, தொண்டை அடைபடும் சத்தம். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். கண் திறக்கவில்லையா? 108. பிறகு செல்போனில் ஒரு நிமிடம் வைத்து நெஞ்சு எழும்புவதை எண்ணுங்கள். 12 முதல் 20 வரை இருக்க வேண்டும், பத்துக்குக் கீழே போனால் அதையும் 108-இல் சொல்லுங்கள். மாநிறமோ கறுப்போ, உதட்டின் உட்புறமும் நகக்கண்ணும் நீலம் பூத்தால் தெரிந்துவிடும்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல்காலை மடக்கி முட்டியை முன்னால் ஊன்றி, அவன் கையையே கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முகவாயைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். மூச்சே நின்றால் மல்லாத்தித் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு 5 விநாடிக்கு ஒரு முறை வாயில் ஊதுங்கள். நாடியும் இல்லை என்றால் போனில் இருப்பவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள்.

காலி அட்டைகளைப் பொறுக்கி ஆம்புலன்ஸிலேயே கொடுத்துவிடுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ வேறு ஆஸ்பத்திரியோ, என்னென்ன கலந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரைதான் காரணம் என்றால் நாலாக்சோன் ஊசி போட்டதும் விழித்துவிடுவான், “சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாம்” என்பான். கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த ஊசி ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும், மாத்திரை அதைவிட அதிக நேரம் நிற்கும். சரக்குக்கும் தூக்க மாத்திரைக்கும் அந்த ஊசி கேட்கவே கேட்காது. டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.