டிசம்பர் மிஷன் ட்ரிப்பில் அந்த இல்லம் வேண்டாம்

எங்கள் சபை இளைஞர் குழுவில் டிசம்பர் மிஷன் ட்ரிப்புக்கு, அதாவது ஊழியப் பயணத்துக்கு, பெயர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போவார்கள். பரீட்சை முடிந்திருக்கும், கம்போடியா இரண்டு மணி நேர விமானம்தான், ஆளுக்கு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். போன வருடம் நானும் போனேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நிரலில் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறேன்: பிள்ளைகள் இல்லத்துக்குப் போவதை.

சியெம் ரியாப் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் அந்த இல்லம். வேன் நுழைந்ததுமே பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர்கூடக் கேட்காமல் மடியில் ஏறி உட்கார்ந்தார்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது, 'எவ்வளவு அன்பு பாரேன்' என்று. ஆனால் முன்பின் தெரியாதவர் மடியில் தயக்கமே இல்லாமல் ஏறும் பிள்ளையைப் பார்த்தால் குழந்தை மனநலம் படித்தவர்கள் கவலைப்படுவார்கள். பார்த்துக்கொள்ளும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளரும் பிள்ளைகளிடம் இது வரும். நம் வீட்டுச் சின்னப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளியும். அப்படித்தான் ஒளிய வேண்டும்.

விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டுகளை நாங்கள் ஊரிலிருந்தே பயிற்சி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். பத்து வயதுப் பெண் ஒருத்தி எங்கள் லீடருக்கு முன்னாலேயே அடுத்த ஆக்‌ஷனைச் செய்துவிட்டு, அவர் வந்து சேரும்வரை பொறுமையாக நின்றாள். முந்தைய வாரம் கொரியாவிலிருந்து ஒரு குழு வந்து அதே பாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் வேறு யாரோ. அந்தப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எப்போது எழுதுவார்கள் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையில் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். எங்களுக்கு மொழிபெயர்த்த கல்லூரி மாணவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கு அம்மா' என்றார். தாய்லாந்தில் கட்டட வேலை பார்ப்பவராம், நெல் அறுப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறார். கிராமத்தில் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை, இல்லத்தில் சேர்த்தால் படிக்க வைப்பார்கள் என்று யாரோ சொல்ல, கொண்டுவந்து விட்டிருக்கிறார். விருந்தாளிகள் போகட்டும் என்று வெளியே காத்திருந்தார். விருந்தாளிகள் நாங்கள்தான். எங்கள் ப்ரொஜெக்டரில் அந்த இரண்டு பேரும் 'அனாதைகள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தார்கள்.

இது அந்த ஒரு இல்லத்தின் கதை மட்டும் இல்லை. கம்போடியாவில் போர் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது என்று யுனிசெஃப் சொன்னது. அனாதைகள் கூடவில்லை. சுற்றுலாப் பயணிகளும் தன்னார்வலர்களும் கூடினார்கள், அவர்களோடு டாலரும் வந்தது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல' என்ற பிரசாரம் 2011-லேயே அங்கே தொடங்கிவிட்டது. 2018-இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, காசுக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுபோவதையும் நவீன அடிமைத்தனத்தில் சேர்த்துப் பேசியது. நம் சபைகளில் இதையெல்லாம் பேசி நான் கேட்டதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரனான என்னிடம் ஊர்க்காரர்கள் உடனே கேட்பார்கள்: 'ஏலே, நம்ம போர்டிங்கில் படிச்சுத்தானே உன் தாத்தா வாத்தியார் ஆனார்?' உண்மைதான். ஆனால் போர்டிங் பிள்ளையை யாரும் அனாதை என்று சொல்லவில்லை. லீவு விட்டால் வீட்டுக்கு ஓடுவான், அவன் யார் மகன் என்று வார்டனுக்குத் தெரியும், அவனைக் காட்டி யாரும் காணிக்கை எடுக்கவில்லை. அந்த மாதிரி விடுதி ஒன்றைக் கம்போடிய சபைகள் நடத்தினால் நானும் பணம் கொடுப்பேன்.

பணம் திரட்டும் ஞாயிறு அன்று பைபிளில் யாக்கோபு நிருபத்தின் திக்கற்ற பிள்ளைகள் வசனத்தைத் தவறாமல் வாசிப்பார்கள். அந்த வசனத்தில் பிள்ளைகளோடு விதவைகளும் இருக்கிறார்கள். நாம் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மாவை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 208 அமெரிக்க டாலர். எங்களில் ஒருவர் போய்வந்த செலவு அப்படி ஒருவருடைய மூன்றரை மாதச் சம்பளம். அந்தத் தாய்க்கு உள்ளூரில் ஒரு வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போக இரண்டு சைக்கிளும் இருந்திருந்தால் இல்லத்துக்கே அவசியம் இல்லை. ஆனால் சைக்கிளோடு செல்ஃபி எடுத்தால் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் யார் அழுவார்கள்?

பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி நிரலில் இல்லாதது. ஒரு கிராமத்து வீட்டுச் சபையில் பாயில் உட்கார்ந்து ஆராதித்தோம். அப்புறம் அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். பிரஹோக் என்ற மீன் விழுதைத் திறந்ததும் கூட வந்தவர்கள் மூக்கைப் பிடிக்க, எனக்கோ எங்கள் பாட்டி வீட்டுக் கருவாட்டுச் சட்டி மாதிரி இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அங்கிருந்த போதகர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு யாராவது கணக்குச் சொல்லித்தர முடியுமா? எங்களில் பாதிப் பேர் இன்ஜினியரிங் மாணவர்கள். ஆனால் மறுநாள் காலை இல்லத்தில் பொம்மலாட்டம், மதியம் அங்கோர் வாட். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவர்.

அந்தச் சபைக்கு விசுவாசம் கற்றுக்கொடுக்க நாம் யார் என்பது அடுத்த கேள்வி. 1975 ஏப்ரல் 17-இல் தலைநகர் நோம் பென் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் கையில் விழுந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் கத்தோலிக்க பிஷப்பாக அபிஷேகம் பெற்றவர் ஜோசப் ச்மார் சலாஸ். அந்தச் சமயத்தில் பிரான்சிலிருந்து திரும்பி வந்தவர், 1977-இல் பட்டினியிலும் வேலைக் கொடுமையிலும் இறந்தார். நகரத்தின் கதீட்ரலையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சிய சபைக்கு நாங்கள் கைப்பொம்மை கொண்டுபோனோம்.

எங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பிஷப்பான அசரியா இதைத்தான் 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேராகப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். நாம் அவரைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் கம்போடியாவில் போய் இறங்கும்போது அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் ஒரே ஒரு வாரத்துக்கு.

'அந்தப் பயணத்தில்தான் என் விசுவாசம் உறுதியானது' என்று நண்பர்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு ரிட்ரீட், அதாவது ஜெப முகாம், என்று பெயர் வைத்து, ஒரு மலையில் கூடாரம் போட்டு நடத்தலாம்.

பாஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இல்லத்துக்கு ஒதுக்கிய இரண்டு நாளையும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் கணக்குக்கு மாற்றுங்கள், பொம்மைக்கான பணத்தை சைக்கிளுக்குக் கொடுங்கள், இல்லத்தில் பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்துவைக்கும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். யோசிக்கிறோம் என்றிருக்கிறார். மாற்றினால் நானும் வருகிறேன். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்கு டிரிக்னாமெட்ரி நன்றாக வரும்.