போனுக்கு அருவாமனை தெரியவில்லை

நேற்று ராத்திரி அரை மணி நேரம் வீணாய்ப் போனது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாட்டியின் பழைய அருவாமனையைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா அதில் உட்கார்ந்து வாழைப்பூ நறுக்குகிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது, நானே எடுத்தது. ஆனால் ஒன்பதாயிரம் படங்களுக்குள் எங்கே?

'அருவாமனை' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. 'கத்தி' என்று போட்டால் வரிசையாகப் பிறந்தநாள் கேக்குகள். சும்மா 'நாய்' என்று அடித்துப் பார்த்தேன். டீக்கடை வாசலில் படுத்துக் கிடக்கும் கறுப்பன் வரை ஒன்று விடாமல் வந்து நின்றன. கடைசியில் விரலால் தள்ளித் தள்ளித்தான் படத்தைப் பிடித்தேன். இது என்ன பொருள் என்று போனிடமே கேட்டேன். 'தையல் மிஷின்' என்றது! தேங்காய் துருவும் அந்தப் பல்லைப் பார்த்து ஏமாந்துவிட்டது போல.

"இம்புட்டு காசு குடுத்து வாங்குன போனுக்கு அருவாமனை தெரியலையாடா?" என்றாள் அம்மா.

எப்படித் தெரியும்? பெயர் ஒட்டிய படங்களை லட்சக்கணக்கில் காட்டித்தான் இதற்குப் பொருள்களைப் பழக்குகிறார்கள். 2009-இல் கணினி விஞ்ஞானி ஃபெய்-ஃபெய் லியும் அவர் குழுவினரும் வெளியிட்ட இமேஜ்நெட் என்ற படத் தொகுப்புதான் அதற்குப் பெரிய பாதை போட்டது. பின்னால் அது 1.4 கோடி படங்களாக வளர்ந்தது. எது என்ன என்று சரிபார்த்தவர்கள் பல நாடுகளில் உட்கார்ந்து இணையத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவின் அலெக்ஸ்நெட் என்ற மென்பொருள் இதில் பயின்றுதான், படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் இமேஜ்நெட் போட்டியில் பிழையை 15.3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்தவருக்கு 26.2. அசாத்தியமான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் பொருள்களின் பெயர்ப்பட்டியலை எங்கிருந்து எடுத்தார்கள்? வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல் தொகுப்பிலிருந்து. முதலில் பெயர், அப்புறம் அதற்குப் படம். போட்டிக்கு வைத்த 1000 வகைகளில் நாய் இனங்களே ஏறக்குறைய 120. கிமோனோ உண்டு, கைலி மாதிரியான சாரோங் உண்டு. சேலை கிடையாது. படங்களிலும் 45 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இந்தியாவும் சீனாவும் சேர்ந்தே 3 சதவீதம்தான்.

2019-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்களே பல நாட்டு வீட்டுப் பொருள்களின் படங்களை வைத்து ஆறு பொருளறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். பிரிட்டன் வீட்டில் பம்ப் பாட்டிலில் இருந்த சோப்பு சிலவற்றுக்காவது சோப்பு பாட்டிலாகத் தெரிந்தது. நேபாள வீட்டில் கட்டியாக இருந்த சோப்பை ஆறுமே உணவு என்றன.

'இன்னும் நிறைய படம் போட்டால் சரியாகிவிடும்' என்று ஐடி நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். பட்டியலில் பெயரே இல்லாத பொருளுக்கு ஆயிரம் படம் கிடைத்தாலும் அது 'கத்தி' என்ற டப்பாவில்தான் போய் விழும். பெயரைச் சேர்க்க அந்தப் பெயர் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். (நம் வீட்டு அடுக்களைப் படங்களை இந்தக் கம்பெனிகளுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கலாமா என்பது தனிச் சண்டை. இன்னொரு நாள் போடுவோம்.)

படம் கீழே இருக்கிறது. எங்கள் பக்கம் இது அருவாமனை, சிலர் அரிவாள்மணை என்கிறார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?