380 கட்டை, ஒரு ஆடு

(காங்கேயம் பக்கம் ஒரு ஊர். சென்னையில் வாடகை கட்டி அலுத்துப்போன கார்த்தி, இங்கே 40க்கு 60 மனையில் வீடு கட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். தங்கவேல் ஆசாரி காதில் பென்சிலோடு வந்து நிற்கிறார். கார்த்தியின் கைப்பேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டு வீடு, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மரவேலி.)

கார்த்தி: இதே மாதிரி வேண்டும் அண்ணா. இடுப்பு உயரம், நுனி கூராக இருக்கணும், வெள்ளை பெயிண்ட்.

தங்கவேல்: செய்துவிடலாம் தம்பி. வேலி அழகுக்கா, திருடனுக்கா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் அளவு.

கார்த்தி: ஆட்டுக்கு. ஒரு கருப்பு ஆடு அண்ணா, தினமும் பத்து மணிக்கு, நான் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது. கறிவேப்பிலை போச்சு, செம்பருத்தி போச்சு, போன வாரம் ஜன்னலில் தலையை விட்டு எங்கள் மேனேஜரையே ஒரு தடவை உற்றுப் பார்த்தது. அவர் "புதுசா சேர்ந்தவரா" என்று கேட்கிறார்.

தங்கவேல்: (தொண்டையைச் செருமி) கருப்பு ஆடா? ஒரு காது மட்டும் வெள்ளையா?

கார்த்தி: ஆமா! தெரியுமா உங்களுக்கு?

தங்கவேல்: ஊரில் ஆட்டுக்கா பஞ்சம். கணக்குக்கு வருவோம். முதலில், இடுப்பு உயரமெல்லாம் ஆட்டுக்கு வேலி இல்லை, வாசப்படி. நாலடியாவது வேண்டும். சுற்றளவு 200 அடி, கேட்டுக்கு 10 போக 190. ஆறடிக்கு ஒரு கால் நட்டால் 33 கால். காலுக்குக் காலாகக் குறுக்குச் சட்டம் இரண்டு வரிசை. அதன்மேல் நெட்டுக்குத்தாக அடிக்கிற மூணு அங்குல அகலக் கட்டை, அதுதான் ரீப்பர், மூணு அங்குலம் இடைவெளி, அப்படியென்றால் அடிக்கு இரண்டு. 380 ரீப்பர்.

கார்த்தி: தேக்கில் போட்டால் எவ்வளவு ஆகும்?

தங்கவேல்: (சுவரில் பென்சிலால் எழுதுகிறார், புதுச் சுவர், கார்த்தி பல்லைக் கடிக்கிறான்) எல்லாம் சேர்ந்து அறுபது கன அடிக்கு மேலே வருகிறது. கன அடி 4,000 என்று வைத்தாலே மரத்துக்கு மட்டும் 2,40,000.

கார்த்தி: (உட்கார்ந்துவிடுகிறான்) மொத்தக் கறிவேப்பிலையையும் அதுவே தின்னட்டும் அண்ணா.

தங்கவேல்: சகாயமாகவும் தேக்கு கிடைக்கும், ஆனால் அதில் பாதி வெளுப்பு, அதாவது பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற வெளிர் கட்டை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையைத்தான் பூச்சி தொடாது, வெளுப்பு இரண்டே வருடத்தில் உளுத்து மாவாகக் கொட்டும்.

கார்த்தி: சரி, திருப்பூரில் மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து பைன் பலகை விற்கிறார்களே? வெளிநாட்டில் பைனில்தானே வேலி போடுகிறார்கள்?

தங்கவேல்: அங்கே மருந்தை அழுத்தி உள்ளே ஏற்றின பைன் தம்பி. உங்களுக்குக் கிடைப்பது பெட்டி உடைத்த பைன். நம்ம ஊர்க் கறையானுக்கு அது பன்னு மாதிரி, டீ ஒன்றுதான் குறை.

கார்த்தி: வேலிக்காலைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் கறையான் எப்படி வரும்?

தங்கவேல்: கட்டை காய்ந்து சுருங்கும், கான்கிரீட் சுருங்காது. நடுவில் விடுகிற இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும், இறங்கினது வெளியே போக வழி இருக்காது. கால் எப்போதும் மண்ணோடு சேருகிற இடத்தில்தான் இற்றுப்போகும். நாங்கள் ஆறடிக் காலில் இரண்டடி புதைப்போம், அந்த அடிப்பாகத்தைத் தீயில் கருக வாட்டி, தார் பூசி, குழிக்குள் ஜல்லி போட்டு நிறுத்துவோம். அப்படியும் பத்து வருடம் நிற்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்புறம் பெயிண்ட். இந்த வெயிலுக்கு வெள்ளை பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரியும், வருடா வருடம் 380 ரீப்பரையும் சுரண்டி அடிக்கணும், அதுவும் இரண்டு பக்கமும்.

கார்த்தி: அண்ணா, நீங்கள் வேலை கேட்டு வந்தீர்களா, வேலையைக் கெடுக்க வந்தீர்களா?

தங்கவேல்: உள்ளதைச் சொன்னேன். நான் ஒரு வழி சொல்லட்டுமா? வருகிற வழியில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருப்பீர்களே, காங்கேயம் மாடு மேயுமே, அதைச் சுற்றி என்ன வேலி?

கார்த்தி: ஏதோ முள்ளுச்செடி.

தங்கவேல்: ஏதோ இல்லை, முள்கிளுவை. ஐப்பசி மழைக்கு முன்னாடி கம்பை வெட்டி அரையடிக்கு ஒன்றாக நட்டால் போதும், வேர் விட்டுத் தழைத்துவிடும். அதுவும் அடிக்கு இரண்டுதான், அதே 380 கட்டை. ரீப்பர் நட்ட நாளிலிருந்து சாகும், இது நட்ட நாளிலிருந்து பிழைக்கும். ஆணி இல்லை, பெயிண்ட் இல்லை, பச்சைக் கட்டை என்பதால் கறையான் பயமும் அவ்வளவாக இல்லை.

கார்த்தி: (எழுந்து நிற்கிறான்) இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஆடு அண்டாதுதானே?

தங்கவேல்: வளர்ந்து பின்னிக்கொண்டால் உள்ளே நுழைய முடியாது.

கார்த்தி: அதற்கு எத்தனை நாள்?

தங்கவேல்: இரண்டு மூன்று வருடம்.

கார்த்தி: அதுவரைக்கும்?

தங்கவேல்: அதுவரைக்கும் துளிரை ஆடு தின்னாமல் பார்த்துக்கொள்ளணும். கிளுவைத் தழை என்றால் ஆட்டுக்கு உயிர்.

கார்த்தி: ஆட்டைத் தடுக்க வேலி, அந்த வேலியை ஆடு தின்னாமல் தடுக்க...

தங்கவேல்: சுற்றி ஒரு சின்ன மரவேலி போட்டுவிட்டால் தீர்ந்தது. ரீப்பர்தான். செலவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தருகிறேன்.

(வெளியே மணிச்சத்தம். ஒரு காது மட்டும் வெளுத்த கருப்பு ஆடு நிதானமாக உள்ளே வந்து, ஆசாரியின் சட்டைப்பையை முகர்ந்து, அதிலிருந்த பொட்டுக்கடலையைத் தின்கிறது.)

தங்கவேல்: ஏய் கருப்பாயி, போ அந்தப் பக்கம்.

கார்த்தி: பேரு தெரியுது.

தங்கவேல்: (கொஞ்ச நேரம் பேசவில்லை) பேரப்பிள்ளை ஆசையாக வளர்க்கிறான் தம்பி.

கார்த்தி: அண்ணா, இரண்டரை லட்சம், 33 கால், தார், ஜல்லி, இத்தனை கணக்குப் போட்டீர்களே, முப்பது ரூபாய்க் கயிற்றில் அந்த ஆட்டைக் கட்டிப்போட்டால் முடிந்ததே?

தங்கவேல்: கட்டிப்போட்டால் நீங்கள் எதுக்குத் தம்பி வேலி போடப்போகிறீர்கள்?